உப்பில்லாத பீப்பாய்

அத்தியாயம் 11

கூடையில் உறை இல்லை.

சயோகோ கூடையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். தூசிதான் விழுந்தது. போன குளிர்காலத்துச் சுன்கி ஊறுகாயில் ஒரு பங்கைக் காயவைத்து, காகிதத்தில் சுற்றி, சமையலறை உத்தரத்தில் தொங்கும் இந்தக் கூடையில்தான் எப்போதும் வைப்பார்கள். பாலுக்கு உறைமோர் எப்படியோ, டர்னிப் கீரைக்கு இது. போன வருஷத்தது ஒரு பிடி சேர்ந்தால்தான் இந்த வருஷத்துக் கீரை உப்பே இல்லாமல் புளித்துச் சுன்கியாகும். கிசோ பள்ளத்தாக்கில் வீட்டுப் பத்திரத்தைத் தொலைத்தவர்கள் உண்டு, உறையைத் தொலைத்தவர்கள் கிடையாது.

"என்னத்தைத் தேடுற?"

மாமியார் கினுயோ கொல்லை வாசலில் நின்றிருந்தாள். தலையில் துணிக்கட்டு, கையில் சாம்பல் வாளி.

"உறையை."

"அடுப்புல போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"பாதியை வெச்சுக் கொஞ்சறதுக்கு அது என்ன பேரப்பிள்ளையா? என் பிள்ளைக்கு எமன். எரிச்சுட்டேன்."

வாளியை ஓர் ஆட்டு ஆட்டிக் காட்டிவிட்டுப் போனாள். செய்ததைச் செய்தேன் என்று சொல்வதில் கினுயோவுக்கு என்றைக்கும் கூச்சம் இருந்ததில்லை. அவளிடம் சயோகோவுக்குப் பிடித்த ஒரே குணமும் அதுதான்.

போன வாரம் காரில் நடந்த சண்டையைப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

வசந்த காலத்தில் சயோகோவின் கணவன் ஷிகெருவுக்கு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். ரத்தம் கட்டிப்போகாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. அந்த மாத்திரைக்கும் பச்சைக் கீரைக்கும் ஏழாம் பொருத்தம். இலையில் இருக்கும் ஒரு சத்து மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். மருத்துவமனையில் சாப்பாட்டு யோசனை சொல்லும் பெண், "கீரை கொஞ்சமா, தினமும் ஒரே அளவா இருந்தாப் பரவாயில்லை. முதல்ல ரத்தம் ஒரு நிலைக்கு வரட்டும்" என்றுதான் சொன்னாள். கினுயோவின் காதில் 'கீரை', 'கெடுதல்' என்ற இரண்டு வார்த்தைதான் ஏறியது.

அன்றிலிருந்து வீட்டில் டர்னிப்பின் தலை வேறு, உடம்பு வேறு. கிழங்கு உள்ளே வரலாம், இலை வரக்கூடாது. காலையில் மிசோ சூப்பில் கிழங்கு, மதியம் கோழியோடு வெந்த கிழங்கு, ராத்திரி காடியில் ஊறிச் சிவந்த கிழங்கு. மீன் பொரித்தால் அதன்மேலும் கிழங்குத் துருவல். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து என்று டர்னிப்பில் உள்ள நல்லதெல்லாம் பெரும்பாலும் இலையில்தான் இருக்கிறது. அது அத்தனையும் வயல் ஓரத்தில் குப்பையாகக் கிடந்து பனியில் கருகியது.

அவ்வளவு செய்தும் ஷிகெருவின் ரத்தப் பரிசோதனை ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தது. போன வாரம் டாக்டர் முகத்தைச் சுளித்து, "வீட்டுல என்னதான் சாப்பிடறார்?" என்று கேட்டார். கினுயோ திரும்பி மருமகளைப் பார்த்தாள். காரில் வரும்போது வாயாலும் சொன்னாள். "சூப்புல கீரையை நறுக்கி ஒளிச்சுப் போடறியா நீ? இனிமே இந்த வீட்டுல சுன்கியே கிடையாது."

"உண்டு. நான் போடுவேன்" என்றாள் சயோகோ. அதோடு போன அத்தியாயம் முடிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சயோகோ இந்த ஊர்க்காரியே இல்லை. யாய்சு துறைமுகத்தில் மீன் வாடையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில் சுன்கியை வாயில் வைத்துவிட்டு ஓடிப்போய்த் துப்பியவள். "கடலோரத்துக்காரி. உப்பில்லாம அவளுக்குக் கை ஓடாது" என்று மாமியார் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

ஆனால் ஷிகெரு அப்படி இல்லை. மலையில் மரம் வெட்டித் தோளில் சுமந்தவன், பனி விழத் தொடங்கினால் சுன்கி இல்லாமல் சோற்றில் கை வைக்காதவன், இப்போது தட்டைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறான். உயிர் பிழைத்து வந்தவனை வீட்டார் எல்லோருமாகச் சேர்ந்து நோயாளியாகவே வைத்திருக்கிறார்கள் என்று சயோகோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்குப் பழி அவள் தலையில். எந்தக் கையைச் சந்தேகப்பட்டார்களோ அந்தக் கையாலேயே போடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

அதற்கு உறை வேண்டும். அந்த உறை இனி ஓரிடத்தில்தான் இருந்தது.

* * *

பாலத்துக்கு அந்தப் பக்கம் நாத்தனார் ஹரூமியின் வீடு. ஷிகெருவுக்கு அக்கா. அம்மாவுக்கும் பெண்ணுக்கும் பேச்சு நின்று வருஷங்கள் ஆகின்றன.

காரணம் ஊருக்கே தெரியும். ஹரூமி கல்யாணமாகிப் போகும்போது அம்மா வீட்டு உறையை எடுத்துக்கொண்டு போனாள். அதில் தப்பில்லை, எல்லாப் பெண்களும் செய்வதுதான். ஆனால் ஊர்ச் சாவடியில் வருஷா வருஷம் நடக்கும் சுன்கிப் போட்டியில் அதே உறையில் போட்டதைப் புருஷன் வீட்டுப் பெயரில் வைத்து, அம்மாவையே தோற்கடித்து முதல் பரிசு வாங்கினாள். கினுயோ சாவடி வாசலிலேயே நின்று, "உறைத் திருடி" என்றாள். அன்றோடு சரி.

சயோகோ குளத்து ஓரமாகப் பதுங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. வெற்றுப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடுத்தெருவில் நடந்தாள்.

"எங்க கிளம்பிட்டே, பாத்திரமும் கையுமா?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டாள்.

"உறை வாங்க!"

அந்த அம்மாள் துடைப்பத்தைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். கினுயோ வீட்டுக்கு உறை இரவல்! சாயங்காலத்துக்குள் மேட்டுத்தெரு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். போகட்டும் என்று நினைத்தாள் சயோகோ.

ஹரூமி முற்றத்தில் கொப்பரையில் கீரை முக்கிக்கொண்டிருந்தாள். ஆவிக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அடேயப்பா, யாரு வந்திருக்கா பாரு! வழி தெரிஞ்சுதா?"

"உறை கொடுங்க அண்ணி."

"யாருக்கு?"

"எனக்குத்தான். அத்தை எங்க வீட்டு உறையை எரிச்சுட்டாங்க."

ஹரூமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கியது. "நெசமாவா? அம்மாவா எரிச்சாங்க? அவங்க அம்மா கொடுத்த உறையாச்சே அது."

"அவங்களேதான்."

"ஐயோ, அப்ப எங்கிட்ட இருக்கறதுதான் மிச்சமா." கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். "தரேன், தரேன். உன் வீட்டுக்காரன் ஏதாவது மிச்சம் வெச்சிருந்தா."

சயோகோ பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"அவன் தின்னற தீனிக்கு ஒரு பீப்பாய் பத்துமா? நேத்துகூட மூணு கிண்ணம். மேல சூரைமீன் சீவல் போட்டு, சோயா சாறு ஊத்தி, 'அக்கா இன்னும் கொஞ்சம்'னு…" ஹரூமி பாதியில் நிறுத்தினாள். "ஏன் அப்படிப் பார்க்கற? உனக்குத் தெரியாதா? 'சயோகோவுக்குத் தெரியும்'னு சொன்னானே!"

"எப்ப வருவாரு?"

"நடக்கப் போறேன்னு வருவான். ஒரு வாரம் தினம் வருவான். மழை பெஞ்சா அஞ்சாறு நாள் ஆளைக் காணோம். பழசு பனிப்பெட்டியில இருந்தது, அதைத் தின்னான். இப்பப் புதுசு."

சயோகோவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது. அன்றைக்குக் காரில் அவள்மீது பழி விழுந்தபோது இந்த மனுஷன் பின்சீட்டில் உட்கார்ந்து சன்னலுக்கு வெளியே மரம் பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று கிண்ணம் சுன்கியை வயிற்றில் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவான்!

விஷயத்தைச் சொன்னதும் ஹரூமி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் என் தம்பிக்கு வெஷமா வெச்சேன்?"

"கீரை வெஷமில்ல அண்ணி. ஒரு நாள் மூணு கிண்ணம், அப்புறம் மூணு நாள் ஒண்ணுமில்ல, அதான் வெஷம். மாத்திரை பாவம், எதுக்குன்னு வேலை செய்யும்?"

அங்கேயே நின்று மருத்துவமனைக்குப் போன் போட்டாள். ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சாப்பாட்டு யோசனைக்காரப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். டாக்டரிடம் கேட்டுவிட்டு அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

"நாளைக் காலையில அவரைக் கூட்டிட்டு வந்துடுங்க, ரத்தம் பார்த்துடலாம். ஆனா இன்னையிலேருந்து முழுசா நிறுத்திடாதீங்க. இத்தனை நாள் சாப்பிட்டுட்டுத் திடீர்னு நிறுத்தினா அது வேற ஆபத்து. சின்னக் கிண்ணத்துல ஒண்ணு, தினமும் அதே அளவு. மருந்தை டாக்டர் அதுக்கேத்த மாதிரி வெச்சுக்கொடுப்பாரு. முக்கியமா, யாரும் ஒளிஞ்சு சாப்பிடக் கூடாது."

"ஒளிய விட்டாத்தானே?" என்றாள் சயோகோ.

* * *

மத்தியானம் முற்றத்தில் அடுப்பு மூட்டினாள். வயலில் மிச்சமிருந்த டர்னிப்பைப் பிடுங்கி வந்து, கிழங்கை வெட்டி ஒதுக்கி, கீரையை ஓடைத் தண்ணீரில் அலசினாள். விரல்கள் மரத்துப்போயின. கினுயோ தாழ்வாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தடுக்கவில்லை. உறை இல்லாமல் என்ன கிழித்துவிடுவாள் என்ற தைரியம்.

"தண்ணி கொதி வந்துடுச்சு. கீரையை வேகவெச்சுத் திங்கப்போறா கடலோரத்துக்காரி" என்றாள் காற்றைப் பார்த்து.

"வரலை. இதோ கை விட்டுப் பார்த்துட்டேன்."

"உப்பு வேணுமா? டப்பாவோட எடுத்துட்டு வரட்டுமா?"

"எடுத்துட்டு வாங்க. உங்க வாய்க்குப் போட்டுக்கலாம்."

கீரையை முக்கி எடுத்து, ஆவி பறக்கப் பீப்பாயில் ஒரு அடுக்கு வைத்தாள். பிறகு பாத்திரத்தின் மூடியைத் திறந்து ஒரு பிடி உறையை எடுத்துத் தூவினாள். அந்தப் புளித்த வாசனை முற்றம் முழுக்கப் பரவியது.

கினுயோ எழுந்துவிட்டாள். அந்த வாசனை அவள் மூக்குக்கு அடையாளம் தெரியாதா?

"எங்கேருந்துடி வந்தது இது?"

"அண்ணி வீட்டுலேருந்து." அடுத்த அடுக்கை வைத்தாள் சயோகோ. "பகல்லதான் போனேன். நடுத்தெருவுலதான் போனேன். எதிர்வீட்டம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன்."

"அந்தத் திருடி வீட்டுதா? என் பீப்பாயிலயா? கொட்டு அதை!"

"திருட்டோ என்னவோ, உங்க அம்மா கொடுத்த உறைதான் அத்தை. நீங்க எரிச்சது போக மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் கொட்டணுமா?"

கினுயோ விறுவிறுவென்று கொட்டகைக்குப் போய்க் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டாள். அழுத்துக் கல் எல்லாம் உள்ளே இருந்தது. பீப்பாயில் அடுக்கியதைச் சூடு ஆறுவதற்குள் அழுத்தி மூடிப் போர்த்தாவிட்டால் உறை பிடிக்காது. அத்தனை கீரையும் அழுகிப்போகும். ஓடையில் கல்லுக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் சயோகோ அந்தப் பக்கம் திரும்பினால் பீப்பாயைக் கவிழ்த்துவிட மாமியார் தயாராக நின்றாள்.

சயோகோ கடைசி அடுக்கை வைத்தாள். மரமூடியைப் போட்டாள். பீப்பாயைச் சுற்றிப் பழைய மெத்தையைக் கட்டினாள். பிறகு பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு மூடிமேல் ஏறி உட்கார்ந்தாள்.

"எறங்கு."

"எறங்க மாட்டேன்."

"அவன் செத்தா உனக்குப் பரவாயில்லையா? அவன் என் பிள்ளைடி!" கினுயோவின் குரல் உடைந்துவிட்டது. இத்தனை நாள் அதிகாரத்துக்கு அடியில் இருந்த பயம் முதல்முறையாக வெளியே வந்தது. சயோகோவுக்கு அது வலித்தது. வலித்தாலும் இறங்கவில்லை.

"எனக்கும் புருஷன்தான் அத்தை. தூக்கணும்னா என்னையும் சேர்த்துத் தூக்கிக் கொட்டுங்க."

அந்த நேரத்தில்தான் ஷிகெரு வாசலில் வந்து நின்றான். நடந்துவிட்டு வருகிறானாம். முகம் தொங்கிக் கிடந்தது. அக்கா வீட்டில் இன்றைக்குக் கிண்ணம் கிடைக்கவில்லை, திட்டு மட்டும் வயிறு நிறையக் கிடைத்திருக்கிறது என்பது பார்த்தாலே தெரிந்தது.

"எங்க போயிட்டு வரீங்க?" என்று மேலிருந்தபடியே கேட்டாள் சயோகோ.

"நடக்க."

"எதுவரைக்கும்?"

"பாலம் வரைக்கும்."

"பாலத்துக்கு இந்தப் பக்கம் வரைக்குமா, அந்தப் பக்கம் வரைக்குமா?"

ஷிகெரு தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் சயோகோ. "பழியைச் சுமந்தது நான். சொல்ல வேண்டியது நீங்க."

கினுயோ மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னடா? என்ன சொல்லணும்?"

"அம்மா…" நாற்பத்தெட்டு வயது ஆள், பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிறவன் போல நின்றான். "அக்கா வீட்டுல சாப்பிட்டேன். சுன்கி. நீங்க வேண்டாம்னு சொன்ன நாள்லேருந்து. சயோகோ சூப்புல ஒண்ணும் போடலை. ரத்தம் ஏறி எறங்கினது எல்லாம் என்னாலதான்."

"ஏண்டா?" என்றாள் கினுயோ. அவ்வளவுதான் அவளால் கேட்க முடிந்தது.

"இங்க எல்லாரும் என்னை உடைஞ்ச சாமானை எடுக்கற மாதிரி எடுக்கறீங்க. அங்க போனா அக்கா கன்னாபின்னான்னு திட்டுவா. விறகு அடுக்கச் சொல்லுவா. கிண்ணத்தை நங்குன்னு வைப்பா. எனக்கு அது வேணும்னு இருந்தது."

சயோகோ மருத்துவமனையில் சொன்னதைச் சொன்னாள். தினமும் ஒரு சின்னக் கிண்ணம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது, எல்லோர் கண் முன்னாலும். நாளைக் காலையில் ரத்தப் பரிசோதனை. "நம்பிக்கை இல்லைன்னா நீங்களும் வாங்க அத்தை. டாக்டர் வாயாலேயே கேளுங்க. இந்தத் தடவை முழுசாக் கேளுங்க."

கினுயோ அசையவில்லை. தோற்றுப்போவது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம். கடைசியில் மகன் பக்கம் திரும்பி, இதுவரை என்றைக்கும் வீண்போகாத ஆயுதத்தை எடுத்தாள்.

"ஷிகெரு. அவளை எறங்கச் சொல்லு."

ஷிகெரு அம்மா சொல்லைத் தட்டியதே கிடையாது. தட்டாமல் இருப்பதற்காகத்தான் இத்தனை மாதம் திருட்டுத்தனமாகத் தின்றான். பூட்டியிருந்த கொட்டகையைப் பார்த்தான். மூடிமேல் இருந்த மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. கெஞ்சுவதாவது!

மெதுவாக நடந்து வந்தான். "நகரு" என்றான்.

"மாட்டேன்."

"கொஞ்சம் நகருன்னேன்."

மூடியின் ஒரு பக்கத்தைப் பிடித்து ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பீப்பாய் முனகியது. மூடி ஒரு விரற்கடை உள்ளே இறங்கி, ஓரத்தில் சாறு கசிந்தது.

"டேய்! டாக்டர் உன்னைக் கல்லே தூக்கக் கூடாதுன்னாரேடா!"

"தூக்கக் கூடாதுன்னுதாம்மா சொன்னாரு. உக்காரக் கூடாதுன்னு சொல்லலை."

சயோகோ சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் மேல் இருந்த கோபம் போகவில்லை. அதற்கு வேறொரு நாள் கச்சேரி உண்டு. ஆனால் அவன் தோள் அவள் தோளில் இடித்துக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக அதில் கனம் இருந்தது.

கினுயோ இருவரையும் நெடுநேரம் பார்த்தாள். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள்.

"எப்படி இருந்தது?"

"எதும்மா?"

"அவ போட்ட சுன்கிடா."

பொய் சொல்லித் தப்பிக்க வேண்டிய இடம் இது. ஆனால் ஷிகெரு அன்றைக்கு உண்மை பேசத் தொடங்கிவிட்டான், நிறுத்தத் தெரியவில்லை.

"உங்களுதைவிட நல்லா இருந்ததும்மா."

கினுயோ தலைத்துணியை அவிழ்த்து உதறி, இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ரப்பர் பூட்ஸை மாட்டினாள். சுவரில் சாய்ந்திருந்த தடியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். மேட்டுத்தெருப் பக்கம் போகவில்லை. இத்தனை வருஷமாகக் கால் வைக்காத பாலத்தை நோக்கி நடந்தாள். கொட்டகைச் சாவி அவள் மடியிலேயே போனது.

"அக்காவை அடிக்கப் போறாங்களா, இல்ல…" ஷிகெரு பதறினான். "நான் பின்னாலயே போய்ப் பார்க்கட்டுமா?"

"எறங்கினீங்க, கொன்னுடுவேன்" என்றாள் சயோகோ. "கீரை இன்னும் சூடாத்தான் இருக்கு."